பதினொரு கிராம் நாற்பது

செட்டியார் தெருவில், ஏசி வேலைசெய்யாத கடையில்
கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறேன்.
உரைகல், ஒரு சின்னப் போத்தல் அமிலம்,
புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் காட்டும் தராசு.
மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் நிறுப்பேன்.
காற்றுக்கும் கனம் உண்டு.

அருமைநாயகம் இதைக் கண்டால் சிரிப்பான்.
"உன்ர சமயம் அதுதான் மச்சான்.
உரைச்சுப் பாராமல் எதை நம்பியிருக்கிறாய்?"
கொட்டாஞ்சேனையில் வயரிங் வேலை அவனுக்கு.
கறண்ட் இருக்கிறதா என்று டெஸ்டரால் தொட்டுத் தொட்டே வாழ்ந்தவன்.
தன்னை உலகாயதன் என்பான்,
மற்றவர்கள் ஊர்ப்பெயர் சொல்வதுபோல.

கேஸுக்கு வரிசையில் நின்ற வருடம்
முன்னால் நின்ற பெரியவர்
போன பிறப்பின் வினை என்று பெருமூச்சு விட,
"போன பிறப்பில்லை ஐயா, போன பட்ஜெட்"
என்று சொல்லி ஏச்சு வாங்கினான்.

மத்தியானங்களில் வெற்றிலை போட வருவான்.
"இலை பச்சை. சுண்ணாம்பு வெள்ளை.
பாக்கை நீயே பார்.
சிவப்பு எங்க இருந்தது? சொல்லு."
தார் ரோட்டில் துப்பிவிட்டு
"இதுதான் நான்" என்பான்.

அந்தக் காலத்தில் அப்படிச் சொன்னவர்கள்
எழுதியது ஒன்றும் மிஞ்சவில்லையாம்.
மறுத்தவர்களின் ஏடுகளுக்குள் இருக்கிறார்களாம்,
ஏசுவதற்காக எடுத்துவைத்த வரிகளில்.
எனக்கு அது உடனே விளங்கியது.
எங்கள் இரும்புப் பெட்டியிலும் அப்படித்தான்,
தவணை கடந்த நகைகள்
எங்கள் கையெழுத்தில் பெயர் தொங்க.

பங்குனியில் ஒரு செவ்வாய்
ஏணியில் நின்றபடி மார்பைப் பிடித்தான்.
கறண்ட் அல்ல. இதயம்.
பொரளைக் கனத்தையில் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தேன்.
மண், நீர், நெருப்பு, காற்று.
நாலே நாலு. ஐந்தாவதை அவன் ஒப்புக்கொண்டதே இல்லை.
சொல்லிவைத்த இடத்துக்குத்தான் போனான்.
எனக்கு அது போதவில்லை.

இருபத்தாறாம் நாள் பவளமலர் வந்தாள்.
கைலேஞ்சியில் முடிந்த அவன் சங்கிலி.
விசிறியை நிறுத்தினேன்.
பதினொரு கிராம் நாற்பது.
மூன்று வருடத்துக்கு முன்
அவன் கழுத்துச் சூட்டோடு கழற்றி நிறுத்தபோதும் அதே.

"அந்தியேட்டிக்கு" என்றாள்.
வாய் சும்மா இருக்கவில்லை எனக்கு.
"செத்தவன் சாப்பிடமாட்டான் எண்டு சொன்ன மனுசன் அவன்."
"தெரியும்" என்றாள்.
"முப்பது வருசம் அதைக் கேட்டுக்கொண்டு சமைச்சவள் நான்.
இருபத்தாறு நாளாப் பிள்ளையளுக்குப் பாணும் சம்பலும்.
வீட்டில அடுப்பு எரியவேணும். நாற்பது பேர் வரவேணும்.
இருந்து சாப்பிடுறவையை நான் பார்க்கவேணும்.
பவுண் விலை ஏறிக் கிடக்கு, குறைச்சுப் போடாதேயும்."

விதிக்கு மேலே கொஞ்சம் போட்டேன்.
பக்கத்து மேசை நிஸ்தார் பார்த்தான்.
பிறகு பார்க்காதவன்போல் சீட்டைக் கிழித்துக் கொடுத்தான்.

தொடர்மாடியில் மூன்றாம் தட்டு.
ஐயர், எள், தண்ணீர், பிண்டம்.
தண்ணீர்த் தாங்கியில் இருந்து ஒரு காகம் இறங்கிக் கொத்தியது.
எல்லோரும் கும்பிட்டார்கள்.
"நேற்றும் வந்த காகம்தான்" என்றான்
அவனுடைய கடைசிப் பெடியன், மெதுவாக, எனக்கு மட்டும்.

பிறகு இலை போட்டார்கள்.
பருப்பின் மேல் நெய், கஞ்சத்தனமில்லாமல்.
கடன்பட்டு நெய் குடிக்கிற கூட்டம் என்று
உலகம் தங்களை ஏசியதை
அவன் பட்டம் வாங்கியதுபோலச் சொல்லுவான்.
இது கடன்பட்ட நெய்தான்.
சீட்டில் என் கையெழுத்து இருக்கிறது.
இரண்டாந்தரமும் கேட்டு வாங்கினேன்.
பவளமலர் குசினி வாசலில் நின்று
வாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னேரம் கடைக்குத் திரும்பி விசிறியை நிறுத்தினேன்.
வெறுந்தட்டு பூச்சியம் புள்ளி பூச்சியம் இரண்டு காட்டியது.
பெருவிரல் பட்ட இடத்தில் மினுக்கம்,
சவுக்காரத்துக்கும் போகாத நெய்.
ஒரு சோடித் தோட்டோடு
கண்ணாடிக்கு அப்பால் யாரோ காத்திருந்தார்கள்.
துடைக்கத்தான் வேண்டும்.
கொஞ்சம் பொறுத்துத் துடைத்தேன்.